அத்தையின் மீசை: பெண்களின் முகமயிரும் அதனை நீக்கும் வழிகளும் – மன்னார்க் கரையோரத்தை முன்வைத்து ஒரு சமூகவியல் நோக்கு

“அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா” என்பது தமிழர் வாழுமிடமெங்கும் வழங்கும் பழமொழி. இலங்கைத் தமிழராகிய நாம் அத்தையை மாமி என்றே அழைப்பினும் பழமொழியில் அவளை அத்தையாகவே விட்டுவைத்துள்ளோம். நடவாத ஒன்றை நடந்ததாகக் கொண்டு வாதிடுபவரை மடக்குதற்கு இப்பழமொழி பயன்படுகின்றது. அதன் நகைச்சுவை முழுவதும் ஓர் எடுகோளின் மீது நிற்கின்றது. அத்தைக்கு மீசை முளைத்தல் இயலாத காரியம் என்பதே அவ்வெடுகோள். ஆனால் அத்தைக்கு மீசை முளைக்கின்றது. மாதவிடாய் ஓய்ந்த பெண்களுட் பலருக்கு மேலுதட்டிலும் நாடியிலும் தடித்த மயிர்கள் தோன்றுவது அன்றாட உண்மை. இளம்பெண்களுள்ளும் கணிசமானோர்க்கு அது நேர்கின்றது. கண்முன் உள்ளதை இல்லாததாகக் கொள்ளும் ஒரு பழமொழி எவ்வாறு நிலைபெற்றது என்ற வினாவிலிருந்தே நாம் தொடங்க விரும்புகின்றோம்.

இத்தகைய பொருள் இவ்வேட்டிற்கு உரியதா என்று கேட்போர் இருப்பர். நம்மை ஒத்த இடதுசாரி வட்டத்தினர் பெண்களின் ஒப்பனை பற்றிய பேச்சைக் ‘குட்டி முதலாளித்துவச் சபலம்’ என்று ஒதுக்கிவந்தமையும் நாம் அறிந்ததே. அவ்வொதுக்கல் தவறானது என்பது நமது கருத்து. ஒரு பெண் தன் முகத்திலுள்ள பத்து மயிரை நீக்குவதற்காகத் தனது கூலியையும் சில வேளை தன் தோலையும் இழக்கிறாளெனின், அங்கே உழைப்பு உண்டு, பண்டம் உண்டு, இலாபம் உண்டு, கருத்துநிலை உண்டு. ஆராய்ச்சிக்கு இவற்றினும் மேலாக வேறென்ன வேண்டும்?

முதலில் உடலியல். மனிதத் தோலில் உள்ளங்கை, உள்ளங்கால் முதலிய சில இடங்கள் நீங்கலாக எங்கும் மயிர்ப்புடைப்புகள் உள்ளன. பெண்ணின் முகத்திலும் ஆணின் முகத்திலும் அவற்றின் தொகை ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு மயிரின் தன்மையில் உள்ளது. நிறமற்ற, மெல்லிய மயிரைப் பூனைமயிர் என்கின்றோம். அந்திரோசன் என்னும் ஓமோன்களின் தூண்டுதலால் அதே புடைப்பு தடித்த, கரிய மயிரைத் தோற்றுவிக்கத் தொடங்கும். அந்திரோசன் பெண்ணுடலிலும் இயல்பாகவே சுரப்பது. அதன் அளவு கூடினாலோ, அளவு கூடாமலே புடைப்புகளின் உணர்திறன் கூடினாலோ, மாதவிடாய் ஓய்ந்தபின் ஏனைய ஓமோன்கள் குறைந்து அந்திரோசன் மேலோங்கினாலோ பூனைமயிர் மீசையாகும். ஆகவே மீசை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இயற்கை இட்ட மதிலன்று. ஒரே தொடர்ச்சியில் உள்ள அளவு வேறுபாடேயாகும். தெற்காசியப் பெண்களிடத்து இவ்வளவு பொதுவாகவே சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவர் ஏற்பர்.

நமது இலக்கிய மரபோ இத்தொடர்ச்சியை ஏற்கவில்லை. கேசாதிபாத வருணனையிற் பெண்ணின் மயிருக்குக் குறைவில்லை. கூந்தலை ஐம்பாலாகப் பகுத்துப் பாடினர், புருவத்தை வில்லென்றனர், உந்தியினின்று மேலெழும் மெல்லிய மயிரொழுங்கினைக்கூட அழகின் இலக்கணமாகக் கொண்டு உவமை அடுக்கினர். முகத்திற்கு வந்தவுடன் மட்டும் அது திங்களாகி விடுகின்றது. சாமுத்திரிக நூல்களோ வெளிப்படையாகவே மேலுதட்டு மயிரைப் பெண்ணின் அவலட்சணங்களுள் ஒன்றாக வைக்கின்றன. அந்நூல்கள் யாருக்காக எழுந்தன என்பது மனங்கொள்ளற்பாலது. மணமகளைத் தேர்ந்தெடுக்கும் வீட்டாருக்கு உதவும் பரிசோதனைக் கையேடுகளே அவை. மாடு வாங்குவோர் சுழி பார்ப்பதுபோல் இங்கே உதடு பார்க்கப்படுகின்றது. நிலமானியச் சமூகத்தில் பெண் குடும்பங்களுக்கிடையே கைமாறும் உடைமையாயிருந்த நிலையின் எழுத்து வடிவம் இதுவென்பதில் ஐயமில்லை.

இவ்விடத்து இரு பழங்கதைகளை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் பயன்தரும். ஐரோப்பாவின் மத்தியகாலக் கத்தோலிக்க மக்களிடையே வில்ஜெபோர்த்திஸ் என்னும் புனிதையின் கதை வழங்கியது. போர்த்துக்கல் மன்னனின் மகளான அவள், தந்தை நிச்சயித்த மணத்திலிருந்து தப்புவதற்காகத் தன்னை விகாரமாக்குமாறு இறைவனை வேண்டினாள், முகத்தில் தாடி வளர்ந்தது, மணமகன் ஓடிவிட்டான், சினந்த தந்தை அவளைச் சிலுவையில் அறைந்தான். நமது காரைக்காலம்மையாரோ கணவன் பிரிந்தபின் அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். இரண்டும் பக்திக் கதைகள். எனினும் இரண்டினதும் அடியில் ஒரே சமூக உண்மை கிடக்கின்றது. பெண்ணின் அழகு அவளுக்குரியதன்று. அதனைத் துறந்த பின்னரே அவள் தனக்குரியவளாகின்றாள். வில்ஜெபோர்த்திசின் கதை போர்த்துக்கேயக் கப்பல்களில் மன்னாருக்கு வந்திறங்கியது என்று நாம் சொல்லவரவில்லை. வந்திருந்தால் நமது நாட்டுக்கூத்துப் புலவர்களுக்கு ஒரு நல்ல நாடகம் கிடைத்திருக்கும்.

மன்னார்க் கரையோரத்தை நாம் முன்வைப்பதற்குக் காரணமுண்டு. பேசாலை, பள்ளிமுனை, வங்காலை முதலிய கத்தோலிக்க மீனவ ஊர்களும், எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்களும், திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த சைவ மக்களும் சில மைல்களுக்குள் அடுத்தடுத்து வாழும் நிலம் இது. மூன்று சமயத்தாரின் பெண்களுக்கும் பொதுவானவை வெயிலும் உப்புக்காற்றும் மணவினைச் சந்தையுமே. முகமயிரை நீக்குவது பற்றிய சமய நோக்கு மட்டும் சற்று வேறுபடும். புருவத்தைப் பறித்து மெலிவாக்குவதைக் கண்டிக்கும் நபிமொழி ஒன்று உண்டு. அதனைச் சுட்டி, முகத்தில் எந்த மயிரையும் தொடலாகாது எனப் பெண்கள் சிலர் அஞ்சுவதுண்டு. ஆனால் இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மரபின் பேரறிஞர் இமாம் நவவி, பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைப்பின் அதனை நீக்குதல் விலக்கப்பட்டதன்று, விரும்பத்தக்கதே என்று விளக்கியுள்ளார். தபரி போன்றோர் இதற்கு மாறாகக் கருதினர். 13 ஆம் நூற்றாண்டில் ஒரு சட்ட அறிஞர் பெண்ணின் மீசையை நடக்கக்கூடிய ஒன்றாக ஏற்று விதி கூறியிருக்க, நமது பழமொழி இன்னும் அதனை நடவாதது என்கின்றது.

இனி வழிகளை நோக்குவோம். வீட்டுக்குள் தொன்றுதொட்டு இருந்துவருவன மஞ்சளும் மாவும். கஸ்தூரி மஞ்சளை அரைத்துப் பூசி ஊறவிட்டுக் குளித்தல், பயற்றமாவையோ கடலைமாவையோ பாலிற் குழைத்துப் பூசிக் காய்ந்தபின் மயிர்வாக்கிற்கு எதிராகத் தேய்த்து உதிர்த்தல், குப்பைமேனி இலையை மஞ்சளுடன் அரைத்து இரவிற் பூசுதல் என்பன பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் பயன் யாது? மாவைத் தேய்த்தெடுக்கையிற் பூனைமயிரிற் சில ஒட்டிக்கொண்டு வரும். தடித்த மயிர் வாராது. மஞ்சள் மயிர்வளர்ச்சியைத் தடுக்கும் என்ற நம்பிக்கை முற்றிலும் வெறுமையானதென்று ஒதுக்குதற்கில்லை. மஞ்சட் குடும்பத்தைச் சேர்ந்த கிழங்கொன்றின் எண்ணெய் அக்குள் மயிரின் வளர்ச்சியை மெதுவாக்கியது எனத் தாய்லாந்து ஆய்வாளர் 2017 இல் வெளியிட்ட முடிவு உண்டு. ஆயினும் அது வடித்தெடுத்த எண்ணெய். அம்மியில் அரைத்த விழுதன்று. மேலும் மெதுவாக்குதல் வேறு, நீக்குதல் வேறு.

மஞ்சள் இக்கரையோரத்தில் வெறும் பூச்சு அன்று என்பதைக் கடந்த சில ஆண்டுகள் காட்டின. 2019 இன் இறுதியில் தொடங்கி 2020 இல் இறுக்கமாக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இலங்கையில் மஞ்சள் அருமையாயிற்று. சில நூறு ரூபாவுக்கு விற்ற கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. எதிர்க்கரையான இராமேசுவரம், மண்டபம் பகுதிகளிலிருந்து உலர்மஞ்சள் மூட்டைகள் இரவிற் படகேறின. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றியதாகச் செய்திகள் தொடர்ந்து வந்தன. ஒருகாலத்தில் முத்துச் சலாபத்தால் அறியப்பட்ட கடல், மஞ்சட் கடத்தலால் அறியப்பட்டது. அடுப்படியில் எடுத்த கையளவு மஞ்சளை முகத்திற் பூசிக்கொண்ட பெண்ணுக்கு அது கறிக்கே போதாத பண்டமாயிற்று. ‘இயற்கையானது, செலவற்றது’ என நாம் கொண்டாடும் பாட்டி வைத்தியமும் அந்நியச் செலாவணியின் பிடிக்குள்ளேயே இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்தியது.

நூல் கொண்டு மயிர் பறித்தல் அடுத்தது. பருத்தி நூலை இரட்டித்து நடுவில் முறுக்கி, ஒரு முனையைப் பல்லிற் கடித்து, மற்றதை இருகை விரல்களாலும் விரித்துச் சுருக்கும்போது முறுக்கு முன்னும் பின்னும் ஓடும்; அதன் பிடியில் அகப்படும் மயிர் வேரோடு வரும். மேற்காசியாவிலும் தெற்காசியாவிலும் நெடுங்காலமாக வழங்கும் கலை இது. சில வாரங்களுக்குப் பயன் நிற்கும். மயிர்ப்புடைப்பு அழிவதில்லையாதலால் மீண்டும் முளைக்கும். வலி உண்டு, சிலர்க்குச் சிறு கொப்புளங்கள் எழும், நூலும் கையும் தூய்மையற்றிருப்பின் சீழ் வைக்கும். திண்ணையில் ஒருத்தி மற்றொருத்திக்குச் செய்த இவ்வேலை இன்று அழகுநிலையத்தின் நாற்காலிக்கு இடம்பெயர்ந்துள்ளது. 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிற் பெண்களுக்கென நடத்தப்பட்ட தொழிற்பயிற்சிகளுள் தையலோடு அழகுக்கலையும் முக்கிய இடம் பெற்றது. நூல் அதே நூல். முறுக்கு அதே முறுக்கு. மாறியது உறவு. முன்னர் அது கைமாற்று உழைப்பு, இன்று கட்டணம். இதனை இழப்பென்று மட்டும் கூறிவிட நாம் துணியோம். தன் கைத்திறனுக்குப் பணம் பெறும் பெண்ணொருத்தி அங்கே தோன்றியிருக்கிறாள். அவளிடம் செல்பவளுக்கும், மைத்துனியின் வாய்க்கு அஞ்சாமல் முகத்தை நீட்டும் வசதி கிடைத்திருக்கின்றது.

சவரக்கத்தியைப் பற்றித் தனியே கூற வேண்டும். எல்லா வழிகளுள்ளும் மலிவானதும், வலியற்றதும், பெரும்பாலும் தீங்கற்றதும் அதுவே. ஆயினும் பெண்கள் மிக அஞ்சுவதும் அதற்கே. கத்தி பட்டால் மயிர் முள்ளாகத் தடித்து வளரும் என்பது உறுதியான நம்பிக்கை. 1928 இலேயே ஐக்கிய அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிரொட்டர், சவரத்தால் மயிரின் தடிப்போ வளர்ச்சி வேகமோ கூடுவதில்லை என்று அளந்து காட்டினார். பின்வந்த ஆய்வுகளும் அதனையே உறுதிப்படுத்தின. காரணம் எளிது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் உள்ளது. கத்தி வெட்டுவது வெளியே நீட்டிநிற்கும் உயிரற்ற இழையை. கூரிய நுனி வெட்டப்பட்டு மட்டமான முனையோடு மேலெழுவதால் தொடும்போது முரடாகத் தோன்றுகின்றது, அவ்வளவே. அறிவியல் நூறு ஆண்டுக்குமுன் தீர்த்துவைத்த ஐயம் ஏன் இன்னும் தீரவில்லை? கத்தி ஆணின் கருவி என்பதே காரணமென நாம் கருதுகின்றோம். நமது கிராமிய அமைப்பில் மயிர்வினைஞர் ஆண்களுக்குத் தொழில் செய்தவர்; பெண்ணின் தலையில் அவரது கத்தி படுவது பல சாதிகளிற் கைம்மையின் அடையாளமாயிருந்தது. அக்கத்தியை ஒரு பெண் தானே எடுத்துத் தன் முகத்தில் வைப்பது மீசையை ஒப்புக்கொள்வதற்குச் சமம். நூலும் மஞ்சளும் அவ்வொப்புதலைக் கேட்பதில்லை. ஆக, ஏழைப் பெண்ணுக்கு எளிதிற் கைக்கெட்டும் வழியொன்றை ஒரு கருத்துநிலை அடைத்து வைத்திருக்கின்றது.

மயிரைக் கரைக்கும் பூச்சுகளின் வரலாறு இன்னும் சுவையானது. சங்கினைச் சுட்டெடுத்த நீறும் அரிதாரமும் சேர்ந்த கலவை மயிர் நீக்கவல்லது எனப் பழைய வடமொழி மருத்துவ நூல்கள் அறிந்திருந்தன. மேற்காசியக் குளிப்பறைகளில் நூரா எனப்பட்ட கலவையும் சுண்ணாம்பும் அரிதாரமுமே. சங்கு மன்னார் வளைகுடாவின் செல்வம்; வங்காளத்துப் பெண்களின் வளைகளுக்காக அது இக்கடலிலிருந்து நெடுங்காலம் ஏற்றுமதியாயிற்று. அரிதாரமோ ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கனியம், நஞ்சு. கூத்தரின் முகப்பூச்சுக்கு அதன் பெயர் நிலைத்து, ‘அரிதாரம் பூசினான்’ என்றால் நடித்தான் என்று பொருளாயிற்று. மன்னார் நாட்டுக்கூத்துகளில் அரசிக்கும் தோழிக்கும் வேடமிட்ட ஆண்கள் மீசையை மழித்துக்கொண்டே மேடையேறினர். மயிர் கரைக்கும் மருந்தொன்றின் பெயர் பெண் வேடத்தின் பூச்சுக்கு வந்து சேர்ந்தது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

இக்கலவை எவ்வாறு வேலை செய்கின்றது? மயிர் கெரற்றின் என்னும் புரதத்தாலானது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்துள்ளன. காரத்தன்மையுள்ள கந்தகச் சேர்வை அப்பிணைப்புகளை அறுக்கும். மயிர் கூழாகி வழித்தெடுக்கத்தக்கதாகும். இன்று கடைகளில் விற்கும் மயிர்நீக்கிக் கிறீம்களும் இதே தத்துவத்தில் இயங்குவன. ஆசனிக்கு இல்லை, தயோகிளைக்கொலிக் அமிலத்தின் உப்பு உள்ளது. தோலும் கெரற்றினால் ஆனதே என்பதை மட்டும் விளம்பரம் சொல்வதில்லை. குறித்த நிமிடத்திற்கு மேல் விட்டால் தோலும் வெந்துபோகும். கால் மயிருக்கென விற்பதை முகத்திற்கு இடுவோர் இதனைப் பட்டே அறிகின்றனர். முதலில் முன்கையிற் சிறிதளவு பூசி ஒருநாள் பொறுத்துப் பார்த்தல், முகத்திற்கெனக் குறிக்கப்பட்டதை மட்டும் வாங்குதல் என்பன குறைந்தபட்ச எச்சரிக்கைகள்.

முதலாளித்துவம் இத்துறையிற் புகுந்த வரலாறு மிகக் கொடியது. 1896 இல் வியன்னாவில் லெயோபோல்ட் புரொயின்ட் என்பார் எக்ஸ் கதிரால் மயிர் உதிர்வதைக் கண்டு அதனை மருத்துவத்திற் பயன்படுத்தினார். அதன் ஆபத்துகள் மருத்துவ உலகிற் தெரியவந்த பின்னரும், 1920 களில் ஐக்கிய அமெரிக்காவில் ‘ட்ரைக்கோ’ என்ற பெயரில் அழகுநிலையங்களில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வலியற்ற, நிரந்தர நீக்கம் என்று நம்பிச் சென்ற ஆயிரக்கணக்கான பெண்களுட் பலருக்கு ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கிப் புண்ணாகிப் புற்றுநோய் கண்டது. 1930 களின் தொடக்கத்திற் ‘கொரெம்லு’ என்ற கிறீம் விற்பனைக்கு வந்தது. அதன் சரக்கு தாலியம்; எலி நஞ்சு. பூசியவர்களுக்குத் தலைமயிர் கொட்டியது, கால்கள் முடங்கின, பார்வை கெட்டது. 1938 இல் அந்நாட்டில் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருட் சட்டம் இயற்றப்படுவதற்கு உதவிய சான்றுகளுள் இவ்விவகாரமும் ஒன்று. சட்டம் சந்தையின் கருணையால் வந்ததன்று. சிதைந்த முகங்களின் மீது வந்தது.

இவற்றினும் நமது கவனத்தை ஈர்ப்பது எஃப்ளோர்னிதின் என்னும் மருந்தின் கதை. ஆபிரிக்காவின் உறக்க நோய் கடும் நிலையை அடைந்தால் கொல்லும் நோய். அதற்கு மெலார்சொப்ரோல் என்ற ஆசனிக்கு மருந்தே கைகொடுத்துவந்தது. அம்மருந்தினாலேயே நூற்றுக்கு ஐவர் அளவில் இறந்தனர். எஃப்ளோர்னிதின் வந்தபோது மரணப் படுக்கையிலிருந்து எழுப்பும் மருந்தென அது போற்றப்பட்டது. 1990 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. ஆனால் நோயாளிகள் பணமற்ற ஆபிரிக்கக் கிராமத்தவர். 1995 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அதே மருந்து ‘வனிக்கா’ என்ற பெயரில், பெண்களின் முகமயிர் வளர்ச்சியைக் குறைக்கும் கிறீமாக அனுமதி பெற்று வெளிவந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்த, 2001 இல் உறக்க நோய்க்கான ஊசிமருந்தின் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஒரே மூலக்கூறு, உயிருக்குச் சந்தை இல்லை, மீசைக்குச் சந்தை உண்டு. பண்டத்தின் பயன்மதிப்பும் மாற்றுமதிப்பும் வேறுபடுமாற்றை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்ததில்லை. அந்தக் கிறீம் மயிரை நீக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர்ச்சியை மெதுவாக்கும், பயன் தெரிய ஏறத்தாழ எட்டு வாரம் செல்லும், நிறுத்தினால் அதே அளவு காலத்திற் பழைய நிலை திரும்பும்.

நிரந்தர வழிகளெனக் கூறப்படுபவை இரண்டு. முதலாவது மின்னூசி. 1875 இல் ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிற் சாள்ஸ் மிசெல் என்னும் கண்மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் இமைமயிரை மின்சாரத்தால் அழித்ததிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு மயிர்ப்புடைப்பிலும் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அதனை அழிப்பதால் மயிரின் நிறமோ தோலின் நிறமோ இதற்குத் தடையன்று. பொறுமையும் பணமும் கைதேர்ந்தவரும் வேண்டும். இரண்டாவது லேசர். மயிரிலுள்ள கருநிறப் பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடேறிப் புடைப்பைச் சுடுமாறு அமைந்தது. இதற்கு அடிப்படையான கோட்பாட்டை அண்டர்சன், பரிஷ் என்போர் 1983 இல் வெளியிட்டனர். 1995 அளவில் மயிர்நீக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. வெள்ளைத் தோலும் கரிய மயிரும் உள்ளோருக்கே இது மிகப் பொருந்தும். நமது தோலிலோ மயிரிலுள்ள அதே கருநிறப் பொருள் நிறைந்துள்ளது. லேசர் இரண்டையும் பிரித்தறியாது சுடும். 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள கருவி ஆழச் சென்று மேற்றோலைப் பெரிதும் விட்டுவைப்பதால் கருந்தோலுக்கு ஏற்றதென்பர். ஆகவே எவ்வலைநீளம் எனக் கேட்டறியாமல் முகத்தை நீட்டுதல் அறிவுடைமையன்று. தெற்காசியப் பெண்கள் சிலரின் முகத்தில் லேசரால் மயிர் குறையாது கூடிய நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

லேசர் வைத்தவரிடம் மருத்துவர் கூறுவது யாது? முன்னும் பின்னும் பல வாரங்களுக்கு வெயில் படலாகாது. பட்டால் சூட்டுக்காயமும் கருந்திட்டும் வரும். கொழும்பில் அலுவலக அறையில் வேலை செய்பவருக்கு இது கடைப்பிடிக்கத்தக்க அறிவுரை. கருவாட்டு வாடியிற் காலைமுதல் மாலைவரை மீன் பரப்பிப் புரட்டும் பெண்ணுக்கோ? பல தடவை நீளும் இச்சிகிச்சைக்காக மன்னாரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்குச் செல்லும் செலவை எவ்வாறோ தேடிக்கொண்டாலும், அவளது உழைப்பின் தன்மையே சிகிச்சையை மறுக்கின்றது. வர்க்கம் என்பது பணப்பையில் மட்டுமன்றித் தோலிலும் எழுதப்படுவது என்று நாம் கூறுவது அணிக்காக அன்று.

நமக்குப் பழக்கமான கரையோரக் குடும்பமொன்றின் இளம்பெண்ணுக்கு நேர்ந்ததைப் பெயரும் ஊரும் குறியாது இங்குச் சொல்கின்றோம். கலியாணப் பேச்சுத் தொடங்கிய ஆண்டில் முகம் வெளுக்கவென்று பெயர்ச்சீட்டுச் சரியில்லாத கிறீம் ஒன்றை வாங்கிப் பூசினாள். முதல் மாதம் முகம் பளிச்சிட்டது. சில மாதங்களிற் கன்னத்திலும் நாடியிலும் மயிர் அடர்ந்தது. நூலால் எடுத்தாள், எடுத்ததால்தான் கூடியதென்று வீட்டார் ஏசினர், கவலையில் இன்னும் கூடுதலாகக் கிறீம் பூசினாள். வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் கிறீமைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பின்னரே காரணம் புலப்பட்டது. இத்தகைய வெளுப்பூட்டும் கிறீம்கள் சிலவற்றில் ஸ்ரெரொயிட் மருந்து கலந்துள்ளது. நெடுநாட் பூசினால் தோல் மெலியும், பருக்கள் எழும், மயிர் வளரும். திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் வைத்தியரின் சொற்படியே விடுவிக்க வேண்டும். ஒரு பண்டம் தான் தீர்ப்பதாகச் சொல்லாத நோயை உண்டாக்கி, இன்னொரு பண்டத்திற்கு வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் விந்தையை அவளது முகத்தில் நாம் கண்டோம். கலியாணப் பேச்சு முறிந்தது; அதற்கு இது காரணமன்று, சீதனக் காணி காரணம்.

மயிரை நீக்குவதற்கு முன் அது ஏன் வந்தது எனக் கேட்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. மாதவிடாய் ஒழுங்கற்றிருத்தல், உடல் பருத்தல், பருக்கள் என்பவற்றோடு முகமயிரும் சேர்ந்து வரின் சூலகத்திற் பல சிறு நீர்ப்பைகள் தோன்றும் நிலை காரணமாயிருக்கலாம். ஸ்ரைன், லெவென்தால் என்போர் 1935 இல் விவரித்த இந்நிலை அரியதன்று. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களிடையே நடத்தப்பெற்று 2008 இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 6.3 வீதத்தினருக்கு அது இருப்பதாகக் கண்டது. இவர்களுக்கு நூலும் கிறீமும் வெளிப்பூச்சே. கருத்தடை மாத்திரை, அந்திரோசனைத் தடுக்கும் ஸ்பைரொனோலக்ரோன் முதலியவற்றை வைத்தியர் கொடுப்பதுண்டு. மயிரின் வளர்ச்சிச் சுற்று நீண்டதாதலால் பயன் தெரிய ஆறு மாதமேனும் செல்லும். கருத்தரிக்க விரும்புவோர்க்கு இவை ஆகா. மணமாகாத பெண் கருத்தடை மாத்திரை கேட்டு மருந்துக்கடையில் நிற்பதை ஊர் எவ்வாறு பார்க்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மருந்தின் தாளில் ‘ஓமோன் சிகிச்சை’ என்று வைத்தியர் எழுதிக்கொடுத்தால் அதுவும் ஓர் உதவியே. சில மாதங்களுக்குள் மயிர் விரைந்து அடர்ந்து, குரல் தடித்து, உச்சி மயிர் உதிரத் தொடங்கினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. சூலகத்திலோ சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலேயே தொடங்கலாம்.

பழமொழியின் அத்தைக்கு இவற்றுள் எது பொருந்தும்? அவளது நாடியிலுள்ள மயிர்கள் பெரும்பாலும் நரைத்தவை. நரைமயிரிற் கருநிறப் பொருள் இல்லையாதலால் எவ்வளவு விலைகொடுத்தாலும் லேசர் அவற்றைக் காணாது. மின்னூசி அழிக்கும், ஆயினும் நாலு மயிருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. வெந்நீரில் கழுவிய சிறு இடுக்கியோ பேத்தியின் கையிலுள்ள நூலோ போதும், பார்வை மங்கிய அத்தைக்கு மயிர் இருக்குமிடத்தை யாராவது காட்ட வேண்டும் என்பது தவிர. வேண்டாமென விட்டாலும் உடலுக்குத் தீங்கில்லை. மன்னார்த் தீவின் ஊர்களில் அவ்வாறு விட்டுவிட்ட கிழவியர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களுள் ஒருவரையேனும் எவரும் சித்தப்பா என்று அழைத்ததாக நாம் அறியோம்.